யாருடைய நட்டத்தில் கற்பது?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. கிளைகளையும் சேர்த்து 2,312 கிலோமீட்டர் நீளம். செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது பிரிந்து செல்கிறது. அதற்கு முன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஒரு செய்தி ஏறி இறங்கி, அதற்கான பதிலும் அதே வழியில் வந்து சேர ஏறக்குறைய அரை விநாடி ஆகும். படம் பார்க்கிறவருக்கு அது பெரிதல்ல. பங்குச் சந்தையில் விலை பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு, திரையில் தெரிவது ஏற்கெனவே பழசாகிப்போன விலை.

வடம் வந்த பிறகு கணக்கு மாறியது. கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போர்ட் பிளேரிலிருந்து சென்னை, அங்கிருந்து மும்பை, மறுபடி அதே பாதையில் திரும்புதல் என்று பார்த்தால், வழியில் தாமதம் எதுவும் இல்லாவிட்டால், 25 மில்லி விநாடி போதும். செல்பேசியில் நிஃப்டி ஆப்ஷன் வாங்கும் இளைஞருக்கு இது தாராளம். அவருக்கு எதிர்ப்பக்கம் விற்கிறவர் யார் என்று பார்த்தால்தான் கதை வேறு. பெரும்பாலும் அது, சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் ஒரு புரோப் நிறுவனத்தின் கணினி. மும்பை பாந்திரா-குர்லா வளாகத்தில் தேசியப் பங்குச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு எடுத்த அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதன் காலக்கணக்கு மைக்ரோ விநாடியில் ஓடுகிறது.

வேகத்தில் அதோடு போட்டியிட அந்தமான்காரரால் முடியாது, சென்னைக்காரராலும் முடியாது. அதனால் வேகத்தை இத்தோடு விட்டுவிடலாம். அந்தக் கணினியின் பின்னால் இருக்கும் ஆளும் ஒருநாள் புதிதாகத் தொடங்கியவர்தான். அவருக்குத் தொழில் எப்படிக் கற்றுத்தரப்பட்டது, தீவில் தனியாகத் தொடங்குகிறவருக்கு அதில் எது கிடைக்காமல் போகிறது என்பதே இங்கே கேள்வி.

புரோப் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் கிடையாது. தரகு நிறுவனம் பிறர் பணத்தில் வாங்கி விற்றுத் தரகு எடுக்கும்; வாடிக்கையாளர் தோற்றாலும் ஜெயித்தாலும் தரகு வந்துவிடும். புரோப் நிறுவனம் தன் சொந்த முதலைப் போட்டு வாங்குகிறது, விற்கிறது; இலாபமும் நட்டமும் அதற்கே. அதனால் அங்கே புதிதாகச் சேர்ந்த டிரெய்னி ஒரு தப்புச் செய்தால் அது நேரே முதலாளியின் பையில் கை வைக்கும். பயிற்சி ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஆள் எடுப்பதிலேயே அந்தக் கறார் தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் தோன்றி இன்று மும்பையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஆப்டிவர் நிறுவனத்தின் மனக்கணக்குத் தேர்வு விண்ணப்பிக்கிறவர்கள் மத்தியில் பெயர் பெற்றது: 8 நிமிடத்தில் 80 கணக்கு, கால்குலேட்டர் கூடாது. பின்னமும் தசமமும் கலந்து வரும். இதைக் கேட்டதும் திண்ணைப் பள்ளியின் எண்சுவடி நினைவுக்கு வராமல் போகாது. முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கிய விடைகளைப் பையன்கள் காலையும் மாலையும் கூவி மனப்பாடம் செய்தார்கள். வட்டிக்கடைக்குப் போகிற பையனுக்கும் நெல் அளக்கிற பையனுக்கும் அது பொதுப்பாடம். கணக்குத் தெரிவதும் கணக்கு நாவில் நிற்பதும் வேறு வேறு என்று அந்த வாத்தியார்களுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த பாடம் சீட்டாட்டம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. சஸ்குவெஹானா நிறுவனம் டிரெய்னிகளுக்குப் போக்கர் சொல்லிக்கொடுப்பதற்குப் பேர்போனது. ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் ஃபிக்கி என்று ஓர் ஆட்டத்தைத் தானே உருவாக்கிக்கொண்டது. 40 சீட்டு, ஆளுக்குப் பத்து. நான்கு இனங்களில் ஒன்றில் 12 சீட்டு, ஒன்றில் 8, மற்ற இரண்டிலும் பத்துப் பத்து. எது எது என்று யாருக்கும் தெரியாது. 12 சீட்டு உள்ள இனத்தின் நிறத்திலேயே இருக்கும் மற்றோர் இனம்தான் கடைசியில் பணம் தரும். ஆடுகிறவர்கள் சீட்டுகளை ஒருவருக்கொருவர் விலை கூவி விற்று வாங்குகிறார்கள். கையிலுள்ள பத்துச் சீட்டு சொல்வதைவிட, எதிரே இருப்பவர் ஸ்பேடுக்கு ஏன் இவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்ற கேள்வி அதிகம் சொல்லும். உன்னிடம் ஒருவன் ஆசையாக வாங்க வருகிறான் என்றால் உனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் அந்த ஆட்டம் ஊட்டும் பாடம். தொழில் முழுவதும் அந்தச் சந்தேகத்தின் மேல்தான் நிற்கிறது.

இதற்குப் பிறகு மாதக்கணக்கில் பொய்ப் பணத்தில் ஒத்திகை, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, சந்தை முடிந்தபின் அன்றைய ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் காரணம் சொல்வது. கடைசியில்தான் உண்மைப் பணம், அதுவும் சிறு அளவில். ஒரே நேரத்தில் இவ்வளவுக்கு மேல் கையிருப்பு கூடாது. ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் நட்டம் கூடாது. அந்த எல்லை தொட்டதும் ஆர்டர் போகாது. முக்கியமாக, அந்த எல்லையைப் போடுவதும் காப்பதும் வேறு மேசை. டிரேடர் கெஞ்சினாலும் ரிஸ்க் மேசை திறந்துவிடாது.

பயிற்சியால் ஒருவரை டிரேடராக ஆக்க முடியுமா, அல்லது அது பிறவிக் குணமா என்ற சண்டையை சிகாகோவில் இரண்டு பேர் 1983-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ரிச்சர்ட் டென்னிஸ் முடியும் என்றார். அவர் கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட் முடியாது என்றார். நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, வந்த கூட்டத்திலிருந்து சிலரைப் பொறுக்கி, இரண்டு வாரம் பாடம் நடத்தி, டென்னிஸின் சொந்தப் பணத்தைக் கொடுத்து வியாபாரம் செய்யவிட்டார்கள். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்த நினைவில் அவர் அவர்களுக்கு ‘ஆமைகள்’ என்று பெயர் வைத்தார். எப்போது வாங்குவது என்ற விதியை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்: விலை 20 நாள் அல்லது 55 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு. பாடத்தின் உயிர் அதில் இல்லை. எவ்வளவு வாங்குவது என்பதில் இருந்தது. ஒரு முறை தோற்றால் கணக்கில் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி அளவைச் சுருக்கினார்கள். 10 லட்சம் இருந்தால் ஒரு தோல்வியின் விலை 20,000 ரூபாய். அதற்கு மேல் இல்லை. ஆமைகளில் பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். எக்ஹார்ட் பந்தயத்தில் தோற்றார் என்றே பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பெருங்கூட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்தவர்களை வைத்துச் செய்த சோதனை, பயிற்சியோடு பொறுக்கலையும் சேர்த்தே சோதித்தது.

தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வங்கக் கடலைத் தாண்டி ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், மேடான் என்று கடை விரித்த நகரத்தார் பேர்போன ஒரு பயிற்சி முறையை வைத்திருந்தார்கள். கடையின் அடித்தட்டில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்வான், பணம் எண்ணுவான், கடிதம் கொண்டுபோவான், குறிப்பேட்டில் அன்றன்றைய வரவு செலவு எழுதப் பழகுவான். பிறகு பேரேடு, பிறகு ஐந்தொகை. தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே கடையை நடத்தும் மேலாள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் முதலாளியிடமிருந்து அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு கப்பலேறுவார்; மூன்று வருடத் தவணை; சம்பளம் முழுத் தவணைக்கும் பேசி, ஒரு பகுதி முன்பணம். தங்குமிடமும் சாப்பாடும் கடையின் பொறுப்பு. கடையின் கணக்குகள் ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கும். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அடுத்த மேலாள் அதே பேரேட்டைப் பிரித்துப் பார்ப்பார் என்பதால், மறைத்து வைக்கக்கூடிய நட்டம் மூன்று வருடத்துக்கு மேல் மறைந்திருக்காது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா இந்த உலகத்து ஆள். சிங்காரமே 1938-இல் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே கூடத்தில், வரிசையாகப் பெட்டி போட்டு, தரையில் உட்கார்ந்து தொழில் நடத்தின. பக்கத்துப் பெட்டியில் யாருக்குக் கடன் போகிறது, யார் வட்டி தராமல் நழுவுகிறான் என்று எல்லாருக்கும் காதில் விழும். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். பெட்டியடிப் பையன் படித்தது புத்தகத்தில் இல்லை. பத்துப் பெரியவர்கள் ஒரு விலையை எப்படிப் பேசி முடிக்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டுப் படித்தான்.

ஒப்பீட்டை இழுத்துப் பிடிக்கக் கூடாது. நகரத்தார் கடை கடன் கொடுக்கும் தொழில். முதலாளியின் பணத்தோடு உறவினர் வைப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தே அதில் புழங்கின. ஆனால் இளையவன் தன் பணத்தில் அல்லாமல் கடைப் பணத்தில், கடையின் கண்காணிப்பில் கற்றான் என்பது இரண்டுக்கும் பொது. இந்தப் பயிற்சிக்கு எட்டாத ஓர் அபாயமும் இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியே எடைபோடத் தெரிந்த மேலாள்களுக்கு, எல்லாக் கடனும் ஒரே அரிசி விலையில் தொங்குகிறது என்பது 1930-க்குப் பிறகுதான் உறைத்தது. பெருமந்தத்தில் விலை விழ, அடமான நிலம் கைக்கு வந்துகொண்டே இருந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காட்டு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 விழுக்காட்டை எட்டியது. வேண்டி வாங்கிய நிலமில்லை, பணமாகத் திரும்பாமல் போன கடன். 1942-இல் ஜப்பான் படை வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அந்தமானும் அவர்கள் கைக்குப் போனது. விடுதலைக்குப் பிறகு பர்மா அந்த நிலத்தை நாட்டுடைமையாக்கியது.

அந்தமானிலேயே சொந்த முதல் போட்டு வாங்கி விற்கும் தொழில் ஒன்று நெடுங்காலமாக உண்டு: தேங்காய், கொப்பரை, பாக்கு. நிக்கோபாரில் தேங்காயே பணமாகப் புழங்கிய காலம் இருந்தது. துணியும் அரிசியும் தேங்காய்க் கணக்கில் கைமாறின. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்குப் பின், அந்தத் தீவுகளில் உரிமம் இல்லாமல் வெளியார் யாரும் வணிகம் செய்ய முடியாது. கொப்பரை வாங்குகிறவர் இன்று விலை கொடுத்துவிடுகிறார். சரக்கு கப்பலுக்குக் காத்திருக்கிறது. பெருநிலத்துக்குப் போய்ச் சேரும் நாளில் என்ன விலையோ அதுதான் அவர் விலை. மழைக்காலக் கடல் கொந்தளித்தால் காத்திருப்பு நீளும். காங்கேயத்தில் விலை இறங்கியது என்று செல்பேசி உடனே சொல்லிவிடுகிறது, மூட்டை மட்டும் துறைமுகத்தைவிட்டு நகரவில்லை. வாங்கியதற்கும் விற்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் அபாயம் என்பதை இந்த வணிகருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டாம். மும்பையின் டிரெய்னி முதல் மாதத்தில் படிப்பதும் இதைத்தான். அவருடைய ‘கையிருப்பு’ சில விநாடி நிற்கும், இவருடையது சில வாரம்.

மேற்பார்வை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் கொடுத்த பெரிய எடுத்துக்காட்டு சிங்கப்பூரிலிருந்து வந்தது. பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன் கணக்கு முடிக்கும் பின்மேசையிலிருந்து டிரேடராக உயர்ந்தவர். சிங்கப்பூரில் வியாபாரமும் அவர் கையில், அதைச் சரிபார்க்கும் பின்மேசையும் அவர் கையில். நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் ஒளித்தார். 1995 பிப்ரவரியில் 82 கோடிப் பவுண்டுக்கும் மேலான நட்டத்தோடு, இருநூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த வங்கி விழுந்தது. நம்மூரில் 2012 அக்டோபர் 5 அன்று நடந்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. எம்கே குளோபல் தரகு நிறுவனத்தில் ரூபாய் மதிப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையே ஏற்பட்ட குழப்பத்தில் 650 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட 59 தவறான விற்பனை ஆர்டர்கள் சந்தைக்குள் போயின. நிஃப்டி சில நொடியில் 900 புள்ளிக்கு மேல் சரிந்து வியாபாரம் நின்றது. விரலுக்கும் சந்தைக்கும் நடுவே இன்னொரு கண் இருக்க வேண்டியதன் விலை அது.

இப்போது போர்ட் பிளேருக்குத் திரும்புவோம். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊரில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். இந்திய நேரம் பெருநிலத்தின் நடுக்கோட்டை வைத்து ஓடுவதால், சந்தை திறக்கும் 9:15-க்கு இங்கே சூரியக் கணக்கில் பத்து மணி நெருங்கியிருக்கும். இங்கே தனியாகத் தொடங்குகிற இளைஞரின் கையில் செல்பேசி, தரகுச் செயலி, வடம் கொண்டுவந்த இணையம். மும்பை டிரெய்னிக்கு இருப்பதில் இவருக்கு இல்லாதது என்னவென்று, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் ஆய்வு எண்களில் சொல்கிறது.

2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) பிரிவில் இறங்கிய தனிநபர் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள், செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் இலாபம் பார்த்தவர் 1 விழுக்காடு. 2023-24-இல் மட்டும், செலவுகளைக் கழிக்கும் முன், புரோப் டிரேடர்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் இலாபம் எடுத்தார்கள். அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கணினி நிரல்வழி வந்தது. தனிநபர்களில் நான்கில் மூவர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று தெரிவித்தவர்கள். 72 விழுக்காட்டினர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே வாழ்கிறவர்கள். 30 வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-இலிருந்து 43 விழுக்காடாக ஏறியது.

ஆமைகளின் 2 விழுக்காட்டு விதியை இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி நட்டமான 2 லட்சம் அந்த விதிப்படி பத்துத் தோல்விகளின் விலையாக இருக்க, கணக்கில் 10 லட்சம் முதல் வேண்டும். 5 லட்சம் சம்பாதிக்கிறவரிடம் அது இல்லை. இருந்தாலும் மூன்றாவது தோல்வியில் கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. விலை ஓர் அளவைத் தொட்டதும் தானாக வெளியேறும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போடலாமே என்பார்கள். போட்டவரே எடுத்துவிடக்கூடிய தடைக்கும், இன்னொரு மேசை பூட்டி வைத்த தடைக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை நட்டத்தில் உட்கார்ந்தவர் அறிவார். தொடர்ந்து இரண்டு ஆண்டு நட்டப்பட்ட பிறகும் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் விடாமல் தொடர்ந்தார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. ரங்கூன் மேலாளுக்கு மூன்று வருடத்தில் தவணை முடியும். செயலியில் தவணை கிடையாது.

அந்த வெற்றிடத்தில் வேறொரு கடையும் திறந்திருக்கிறது. ‘உங்களுக்கு முதல் நாங்கள் தருகிறோம், முதலில் தேர்வுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று அழைக்கும் இணையதளங்கள். பொய்ப் பணக் கணக்கில் இலக்கைத் தொட்டால் ‘நிதிபெற்ற டிரேடர்’ என்று பட்டம் தருவார்கள். பெரும்பாலோர் தேர்விலேயே விழுந்து மறுபடி கட்டணம் கட்டுவார்கள். இவற்றில் பல அந்நியச் செலாவணி வியாபாரம். அனுமதியில்லாத தளங்களில் அதைச் செய்வது ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தண்டத்துக்குரியது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் அத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அசல் புரோப் நிறுவனத்தை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: பணம் எந்தப் பக்கம் போகிறது? அங்கே டிரெய்னிக்குச் சம்பளம் வரும். இங்கே டிரெய்னியே வாடிக்கையாளர்.

அசல் நிறுவனத்தின் வாசலோ குறுகியது. குருகிராமிலும் மும்பையிலும் உள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் ஐ.ஐ.டி. வளாகங்களில் ஆள் எடுக்கின்றன. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் ஒருவருக்கு ஹாங்காங்கில் ஜேன் ஸ்ட்ரீட் 4.3 கோடி ரூபாய் சம்பளம் தர முன்வந்தது செய்தியானது. ஏழு மாதம் கழித்து, 2025 ஜூலை 3 அன்று, வங்கி நிஃப்டியில் விலையைத் திரித்ததாகக் குற்றஞ்சாட்டி செபி அதே நிறுவனத்தின் 4,843 கோடி ரூபாயை முடக்கும் இடைக்கால உத்தரவைப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் முடிவு எதுவானாலும், ஃபிக்கி ஆட்டத்தில் எதிரியின் ஆசையைப் படிக்கக் கற்பவருக்கு, அந்த எதிரி ரங்கத்தில் செல்பேசியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞராகவும் இருக்கலாம் என்பதை எந்த வகுப்பு சொல்லித்தருகிறது என்ற கேள்வி எனக்கு உண்டு.

அந்த இளைஞர் தொழிலாகவே இதை எடுக்க நினைத்தால், தரகு நிறுவனத்தின் டீலர் மேசைதான் கைக்கெட்டும் வழி. எஃப் அண்ட் ஓ முனையத்தில் உட்கார, தேசியப் பத்திரச் சந்தைகள் நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் தேர்வில் தேற வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். சம்பளம் கோடியில் வராது. ஆனால் தப்பு பிறர் கண்ணில் படும் இடம் அது, எல்லை வேறொருவர் கையில் இருக்கும் இடம்.

தனியாக இறங்குகிறவர்களுக்கு அந்த எல்லையைச் செபியே போட முயன்றது. 2024 நவம்பர் 20 முதல் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கையான நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனது. வாரந்தோறும் ஒப்பந்தம் முடியும் வார எக்ஸ்பைரியைச் சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியது. ஆள் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 2024-25 முழு ஆண்டில் தனிநபர்களின் நிகர நட்டம் 1.05 லட்சம் கோடியைத் தாண்டியது. முந்தைய ஆண்டு அது சுமார் 75,000 கோடி. நட்டப்பட்டவர்களின் விகிதம் 91 விழுக்காட்டிலேயே நின்றது. நுழைவாயிலின் உயரத்தை ஒழுங்குமுறை ஆணையம் கூட்டலாம். ஏறி உள்ளே வந்தவரின் அன்றைய நட்டம் எத்தனையில் நிற்க வேண்டும் என்பதை, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அதனிடம் மேலாள் இல்லை.